'துன்பக்கேணி'யை முழுதாகவே படிக்க விடுங்கள்: டர்பன் தமிழ்ப் பாடத்தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். பெரியவர்களுக்கான தமிழ் வாசிப்பு வகுப்புகளின் வரும் ஆண்டுப் பாடப் பட்டியலிலிருந்து புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யை எடுத்துவிடலாம், அல்லது சாதிப் பெயர்களையும் தோட்டத்துரை வரும் பகுதிகளையும் நீக்கி எளிய நடையில் சுருக்கிக் கொடுக்கலாம் என்று நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை என் கைக்கு வந்தது. இரண்டில் எதையும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். குழுவுக்குத் தனியாக எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், இந்த முடிவு தென்னாப்பிரிக்காவில் நம் நேட்டால் பகுதியின் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் டோங்காட்டிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் வேலை முடித்து வந்து தமிழ் படிக்க உட்காரும் ஒவ்வொருவரையும் தொடுகிறது என்பதுதான்.

நீங்கள் சொல்லியிருக்கும் காரணங்களில் மூன்றை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. சாதிப் பெயர்கள் மனத்தைப் புண்படுத்தும். ஒரு பெண்ணின் உடல் படும் பாட்டை ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்கும் வகுப்பில் வாசிப்பது சங்கடம். 1935ஆம் ஆண்டின் திருநெல்வேலிப் பேச்சு நம்மவர்களுக்குக் கடினம். இவை ஒவ்வொன்றையும் பற்றிப் பேசலாம், பேசவும் வேண்டும். ஆனால் இந்தக் கதை இன்றைய வாசகர்களுக்கு ஒட்டாது என்று நான்காவதாக நீங்கள் எழுதியிருக்கும் வரியை என்னால் ஏற்க முடியவில்லை. என் சனிக்கிழமை வகுப்பில் இதைப் படித்தவர்கள் அழுதார்கள், கோபப்பட்டார்கள், எழுதியவரோடு சண்டை பிடித்தார்கள், பாதியில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மறுவாரம் திரும்பி வந்தார்கள். ஒட்டாத ஒன்றோடு யாரும் இவ்வளவு மல்லுக்கட்டுவதில்லை.

குழுவில் கதையைப் படிக்க நேரம் கிடைக்காதவர்களும் இருக்கக்கூடும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொ. விருத்தாசலம் என்ற புதுமைப்பித்தன் 1906இல் பிறந்து 1948இல் காசநோயால் மறைந்தவர். தமிழ்ச் சிறுகதை என்றால் முதலில் நினைவுக்கு வருகிற சில பெயர்களில் ஒன்று அவருடையது. 'துன்பக்கேணி' 1935இல் 'மணிக்கொடி' இதழில் வந்த நெடுங்கதை. திருநெல்வேலிச் சீமையின் வாசவன்பட்டி என்ற ஊரில் பண்ணை வேலை செய்யும் வெள்ளையனின் மனைவி மருதி. கணவன் சிறைக்குப் போன பிறகு அவள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிப்பவர்களின் பேச்சை நம்பிக் கடல் கடக்கிறாள். தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் கண் அவள் மேல் விழுகிறது. நோய் வருகிறது. அதே தோட்டத்து மண்ணில் அவளுடைய மகள் வெள்ளைச்சி வளர்கிறாள். இதற்கு மேல் சொன்னால், இனிமேல் படிக்கப் போகிறவர்களுக்கு நான் செய்யும் அநியாயமாகிவிடும்.

எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களும் உண்டு. எழுத்தே தெரியாமல், தேவாரமும் திருப்புகழும் காதால் கேட்டுப் பாடம் செய்தவர்களும் உண்டு. ஆகவே நான் ஒரு பத்தியைத் தமிழில் உரக்க வாசிப்பேன், தேவையான இடத்தில் ஆங்கிலத்தில் விளக்குவேன், பிறகு அவர்கள் வாசிப்பார்கள். இப்படி மெதுவாகப் படிப்பதில் ஒரு நன்மை இருக்கிறது. வேகமாகப் படிக்கிறவர் தாண்டிப் போகும் வாக்கியத்தில் இவர்கள் நின்றுவிடுகிறார்கள். மருதி கப்பலேறும் இடத்தில் ஒரு மூதாட்டி என்னை நிறுத்தச் சொன்னார். தம் பாட்டி தேயிலை பறித்தவர் என்றார். நேட்டாலில் தேயிலையா என்று பக்கத்தில் இருந்த இளைஞர்கள் கேட்டார்கள்; நாம் எல்லோரும் கரும்பைப் பற்றி மட்டுமே கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா? ஸ்டேங்கருக்கு அருகே கியர்ஸ்னியில் லீஜ் ஹியூலட் என்ற தோட்ட முதலாளி 1870களின் இறுதியில் தேயிலை பயிரிடத் தொடங்கினார் என்பதும், அங்கே கூடை சுமந்தவர்கள் நம்முடைய ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்பதும் அன்றுதான் அந்த இளைஞர்களுக்குத் தெரிய வந்தது. ஒரு வரலாற்று நூலைக் கொடுத்திருந்தால் அந்த மூதாட்டி வாய் திறந்திருக்க மாட்டார். மருதி அவரைப் பேச வைத்தாள்.

சாதிப் பெயர்களைப் பற்றி இப்போது சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் சுற்றறிக்கையின் கனம் அங்கேதான் இருக்கிறது. வகுப்பில் அறுபது வயதைக் கடந்த ஒருவர், மருதியின் சாதியைக் கதை சொல்லும் இடங்களில் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். அடுத்த வாரம் ஒரு தாளின் நகலை எடுத்து வந்து மேசையில் வைத்தார். அவருடைய கொள்ளுத் தாத்தா வந்த கப்பலின் பதிவேட்டில் ஒரு பக்கம் அது. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் என்று கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதியிருந்தார்கள். சாதிக் கட்டத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, என் வீட்டில் இதை யாரும் சொன்னதில்லை, இப்போது இந்தக் கதையில் அது வருகிறது என்றார். அதற்கு மேல் பேசவில்லை; யாரும் கேட்கவும் இல்லை. 1860 நவம்பர் 16ஆம் நாள், ஒப்பந்தத் தொழிலாளர்களை முதன்முதலாக ஏற்றி வந்த 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் நங்கூரம் பாய்ச்சியதிலிருந்து 1911 வரை இங்கே கொண்டுவரப்பட்ட ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் அந்தக் கட்டத்தில் ஏதோ ஒன்று எழுதப்பட்டது. தம் குடும்பத்தின் பதிவேட்டைத் தேடி ஆவணக் காப்பகத்துக்குப் போகும் பேரப்பிள்ளைகளின் கண்ணில் படுகிற ஒன்றைக் கதையிலிருந்து மட்டும் அழித்து நாம் யாரைக் காப்பாற்றப் போகிறோம்?

புதுமைப்பித்தன் மீது இன்றைய வாசகர்கள் வைக்கும் குற்றச்சாட்டுகளை நான் மூடி மறைக்க விரும்பவில்லை. அவை தமிழ்நாட்டிலும் எழுந்தவை. சென்னைப் பல்கலைக்கழகம் 2014இல் 'துன்பக்கேணி'யைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியபோது ஒடுக்கப்பட்ட சாதியினரைக் கதை சித்திரிக்கும் விதமே காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த முடிவை எதிர்த்து எழுத்தாளர்கள் பலர் குரல் கொடுத்தார்கள். தலித் விமரிசகரான ராஜ் கௌதமன், 'புதுமைப்பித்தன் எனும் பிரம்மராக்ஷஸ்' என்று ஒரு நூல் முழுவதும் எழுதி அவரைத் துருவிப் பார்த்தார். சைவ வேளாளக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் சேரியைத் தெருவிலிருந்து பார்த்து எழுதுகிறார் என்ற குறை நியாயமானது. எங்கள் வகுப்பிலும் ஒரு பெண்மணி, இவ்வளவு பெரிய துயரத்தைச் சொல்லும்போது இவர் ஏன் நடுவில் நடுவில் கிண்டல் செய்கிறார், மருதியிடம் இவருக்கு மரியாதை இருக்கிறதா இல்லையா என்று என்னிடம் கேட்டார். அவருக்குத் திருப்தி தரும் பதில் என்னிடம் இல்லை. அந்தக் கிண்டல் மருதியைவிடப் பண்ணையார் மீதும் ஊர் மீதும் விழுகிறது என்று நான் சொன்னேன். எல்லா இடத்திலும் அப்படியில்லை என்று அவர் இரண்டு பத்திகளை எடுத்துக் காட்டினார். அவர் காட்டியது சரி. தமிழ் எழுத்துகளைத் திரும்பக் கற்கத் தொடங்கிய ஒருவர், தமிழின் மிகப் பெரிய எழுத்தாளர்களில் ஒருவரை வரி காட்டி மறுக்கிறார். ஒரு வாசிப்பு வகுப்பில் இதற்கு மேல் என்ன நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? நீங்கள் தரவிருக்கும் சுருக்கத்தில் அந்த இரண்டு பத்திகளும் இருக்காது. மறுப்பதற்கு அவருக்கு எதுவும் மிஞ்சாது.

புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' பட்டியலில் இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அதைப் படிக்கும் அனுபவமே 'துன்பக்கேணி'யை விட்டு வைக்க வேண்டியதற்கு இன்னொரு சான்று என்பதால் அதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1934இல் வெளிவந்த அந்தக் கதையில் அம்மாளு ஆலைத் தொழிலாளி. கணவன் ஜட்கா வண்டிக்காரன். அவன் அடிபட்டுக் கிடக்கிறான், கூலி போடும் நாள் இன்னும் வரவில்லை, அவனுக்குப் பால் கஞ்சி வேண்டும். இருட்டுச் சந்தில் அவள் எடுக்கும் முடிவும், கற்பு கற்பு என்று பேசுகிறவர்களை நோக்கி ஆசிரியர் வீசும் கடைசி வரியும் அந்தக் காலத்து வாசகர்களைத் திடுக்கிட வைத்திருக்கும் என்பதில் ஐயமில்லை. எங்கள் வகுப்பில் ஆடை ஆலைகளில் தையல் இயந்திரத்தின் முன் பாதி ஆயுளைக் கழித்து, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் திடுக்கிடவே இல்லை. ஆலையில் முன்பணம் கேட்கும் வழக்கம் இல்லையா, பக்கத்து வீட்டுப் பெண்கள் ஏன் உதவவில்லை, அவன் குடித்துவிட்டு வண்டியை ஓட்டியதற்கு இவள் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள். ஆசிரியர் குறிவைத்த இடத்தில் அவர்களுக்கு வலிக்கவில்லை; அவர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன கூலிநாளில் வலித்தது. பழைய கதையைப் புதிய வாசகர் படிப்பது இப்படித்தான் நடக்கும், எந்த இடத்தில் நடக்கும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. ஆகவேதான் எந்தப் பகுதி வாசகருக்குத் தேவை, எது தேவையில்லை என்று நீங்களோ நானோ வெட்டி ஒதுக்குவதை நான் அஞ்சுகிறேன்.

பாரதியாரின் 'கரும்புத் தோட்டத்திலே' பாடல் பல ஆண்டுகளாக நம் பட்டியலில் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். பிஜித் தீவின் பெண்களை நினைத்து அவர் பாடியதை நம் பிள்ளைகள் மேடையில் பாடும்போது அரங்கமே கண் கலங்குகிறது. அந்தப் பாடலுக்குத் தகுதியுள்ள பொருள் இந்தக் கதைக்கு மட்டும் எப்படித் தகாததாகிறது? பாடலில் வரும் பெண்களுக்குப் பெயர் இல்லை. மருதிக்குப் பெயர் இருக்கிறது, புருஷன் இருக்கிறான், பிள்ளை இருக்கிறது, பசி இருக்கிறது. அவள் சில முடிவுகளைத் தானே எடுக்கிறாள், அவற்றில் சில தவறாகப் போகின்றன. 1894இல் முதலாளியிடம் அடிபட்டு, முன்பற்கள் உடைந்து, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி காந்தியின் அலுவலகத்துக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளி பாலசுந்தரத்தை நாம் ஒவ்வோர் ஆண்டும் நினைவுகூர்கிறோம். அவருக்கு ஒரு வழக்கறிஞர் கிடைத்தார், அந்த வழக்கறிஞர் தம் வரலாற்றில் அவரை எழுதியும் வைத்தார். கொத்தடிமைக் காலத்தில் இங்கே வந்திறங்கிய நம் பெண்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒருவரும் அமையவில்லை. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்று கணக்கு வைத்து ஏற்றி அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். எஸ்டேட்டில் அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகக் கோப்புகளில் தேடினால், யாரோ ஓர் எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதிய நாலு வரிப் புகார்களாக அது கிடைக்கிறது. அந்த நாலு வரிக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று தமிழில் ஓர் எழுத்தாளர் முயன்று பார்த்த கதை நம் கையில் இருக்கிறது. அதை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள்.

இந்தக் கதை நம்முடைய கதை அல்ல, இலங்கையின் கதை என்று குழுவில் ஒருவர் கேட்டதாக அறிந்தேன். அவர் சொல்வது உண்மைதான். அந்த வேறுபாட்டை வகுப்பில் அழுத்தமாகச் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்தும். இலங்கைக்கு, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி தன் ஊர்க்காரர்களையும் உறவினர்களையும் திரட்டிக் கூட்டிப் போவான், அவர்கள் அவனுக்குக் கடன்பட்டவர்களாகவே தோட்டத்தில் காலெடுத்து வைப்பார்கள். நேட்டாலுக்கு வந்தவர்கள் கப்பலேறுமுன் ஆட்களைத் தங்கவைக்கும் சென்னை டிப்போவில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் விரல் பதித்து, வாரக்கணக்கில் கப்பலில் இருந்து, எண் தரப்பட்டு, சர்தார் என்ற மேற்பார்வையாளனுக்குக் கீழே வேலைக்கு விடப்பட்டவர்கள். ஐந்தாண்டு முடிந்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமலும் ஊர் திரும்பாமலும் இங்கேயே தங்கியவர்கள் மீது மூன்று பவுன் வரி சுமத்தியது நேட்டாலின் தனிக் கொடுமை. 1913 வேலைநிறுத்தத்துக்கும் தில்லையாடி வள்ளியம்மையின் சாவுக்கும் நம்மைக் கொண்டுபோன போராட்டத்தில் அதுவும் ஒரு காரணம். புதுமைப்பித்தன் நம்மைப் பற்றி எழுதினார் என்று யாராவது மாணவர்களிடம் சொன்னால் அது பொய். அடுத்த கரையில் நம் உறவினருக்கு நடந்ததைப் படித்து, எது ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று அவர்களே எடுத்துச் சொல்லட்டும். சட்டம் படிக்கும் மாணவர் ஒருவர் எங்கள் வகுப்பில் இதைத்தான் செய்தார்: மருதி நேட்டாலில் இருந்திருந்தால் யாரிடம் புகார் கொடுத்திருக்கலாம், எஸ்டேட்டை விட்டு அனுமதிச் சீட்டில்லாமல் வெளியே போனால் அவளுக்கு என்ன தண்டனை என்று தேடிப் பார்த்து வந்து, புகார் கொடுக்கப் போவதற்கே சீட்டு வேண்டியிருந்த நிலைமையை எங்களுக்கு விளக்கினார்.

மொழி கடினம் என்பதை நான் மறுக்கவில்லை. திருநெல்வேலிப் பேச்சு எனக்கே சில இடங்களில் தடுக்கியது. இதற்குத் தீர்வு அருஞ்சொல் விளக்கம். கதையை மாற்றி எழுதுவது தீர்வாகாது. நீங்கள் இணைத்து அனுப்பிய மாதிரிச் சுருக்கத்தை வகுப்பில் சோதித்துப் பார்த்தேன். பண்ணையாரின் அதிகாரம் எந்தச் சாதியின் மீது செல்கிறது என்பது அதில் இல்லாததால், வெள்ளையன் ஏன் எதிர்த்துப் பேசாமல் இருக்கிறான் என்று எவருக்கும் விளங்கவில்லை. துரை வராததால் மருதிக்கு நோய் எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கவில்லை. மலைக்காட்டுக் குளிரால் வந்த காய்ச்சலாக்கும் என்று ஒருவர் ஊகித்தார். அவர் ஊகித்ததில் தவறில்லை, கையில் கொடுத்த தாள் அப்படித்தான் சொல்லியது. தம் கதைகள் உலகத்துக்கு உபதேசம் செய்து உய்விக்கும் ஏற்பாடு அல்ல என்ற கருத்தில் 'காஞ்சனை' தொகுதியின் முன்னுரையில் எழுதியவரின் கதை, பாவம் செய்தவள் துன்பப்பட்டாள் என்ற நீதிக்கதையாக அந்தச் சுருக்கத்தில் மாறிப்போயிருந்தது. மருதிக்கு இதைவிடப் பெரிய அநீதியைப் பண்ணையார்கூடச் செய்யவில்லை என்பது என் எண்ணம்.

ஆகவே என் வேண்டுகோள்களைத் தெளிவாக வைக்கிறேன். பெரியவர்கள் வகுப்பில் 'துன்பக்கேணி' முழுமையாக, ஒரு சொல்லும் நீக்காமல் இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகளின் பட்டியலில் அதைச் சேர்க்கும்படி நான் கேட்கவில்லை. கதைக்கு முன்னால் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று சேருங்கள்: சாதி பற்றி நேர்மையாகவும், புதுமைப்பித்தன் மீதான தலித் விமரிசனத்தை மறைக்காமலும், இலங்கைக்கும் நேட்டாலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லியும் அது அமைய வேண்டும். முதல் வாசிப்புக்கு முன்பே கதையில் என்ன வருகிறது என்று ஆசிரியர் வகுப்புக்குச் சொல்லிவிடலாம். அன்றைக்கு உட்கார மனமில்லாதவர்கள் எழுந்து போக உரிமை இருக்கட்டும். மூலபாடத்துக்கு ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000இல் காலச்சுவடு வெளியிட்ட தொகுதியைக் கொள்ளுங்கள். கதைகள் முதலில் எங்கே, எப்போது வந்தன என்ற விவரமும் அதில் உண்டு. பதிப்புரிமை குறித்துத் தயங்க வேண்டியதில்லை, புதுமைப்பித்தனின் எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு 2002இல் நாட்டுடைமையாக்கிவிட்டது. அருஞ்சொல் பட்டியலை எங்கள் வகுப்பினரே தமிழிலும் ஆங்கிலத்திலும் தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது, குழு கேட்டால் எந்தக் கட்டணமும் இல்லாமல் தருவார்கள்.

வரும் மாதக் கூட்டத்தில் இந்தப் பட்டியல் இறுதியாக்கப்படும் என்று சுற்றறிக்கை சொல்கிறது. அதற்கு முன் குழுவிலிருந்து ஒருவரோ இருவரோ எங்கள் சனிக்கிழமை வகுப்புக்கு வர வேண்டும் என்று அழைக்கிறேன். பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்குவோம். இப்போது கதையை இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறோம், மருதி தோட்டத்துக்கு வந்து சேரும் பகுதியில் இருக்கிறோம். ஒரு பக்கத்தை நீங்களும் எங்களோடு உரக்க வாசியுங்கள், அந்த இரண்டு பத்திகளைக் காட்டிய பெண்மணியிடமும் கப்பல் பதிவேட்டைக் கொண்டுவந்த பெரியவரிடமும் நேரில் பேசுங்கள், அதன் பிறகு முடிவெடுங்கள்.

இப்படிக்கு,
பெரியவர்கள் தமிழ் வாசிப்பு வகுப்பின் ஆசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன்